குழியில் வைத்த மஞ்சள் ரசம்

அறுபதுகளின் நடுவில் நான் எங்கள் ஊர் சாமியார் பங்களாவில் சமையல் செய்துகொண்டிருந்தேன். என் கணவர் அங்கேயே ஜீப் டிரைவர். கடத்தூரிலிருந்து அரூர் போகும் வழியில், பஸ் நிற்காத ஊர் எங்களுடையது. கேழ்வரகும் நிலக்கடலையும் போடுகிற கத்தோலிக்கக் குடும்பங்கள்தான் பாதிக்கு மேல். சாமியார் பிரான்சு தேசத்துக்காரர். அப்போது அவருக்கு ஐம்பது வயதிருக்கும். நல்ல உயரம், வெயிலில் தோல் உரிந்து உரிந்து மூக்கு எப்போதும் சிவந்தே இருக்கும். தமிழைப் புத்தகம் வைத்துப் படித்தவர் என்பதால் எங்களைப் போலப் பேச வராது. உப்புக் கேட்டால்கூடப் பிரசங்கம் மாதிரி இருக்கும். “அம்மா, இதில் உப்பு சற்றுக் குறைவாக உள்ளது” என்பார். நானும் என் கணவரும் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரிப்போம். ஆனால் அவர்மேல் எங்களுக்கு உயிர். என் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் அவர். மழையில் எங்கள் சுவர் சரிந்தபோது தானே வந்து மண் குழைத்தவர்.

ஒரு வருடம், லீவில் சொந்த ஊருக்குப் போய்த் திரும்பிய இன்னொரு சாமியார், எங்கள் சாமியாரின் தம்பி கொடுத்தனுப்பிய இரண்டு பாட்டில்களைப் பெட்டிக்குள் துணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தார். குட்டையான பாட்டில்கள், தோள் சதுரமாக இருக்கும். அப்போது மதுவிலக்குக் காலம். பூசைக்கு வேண்டிய திராட்சை ரசத்துக்கு மட்டும் அனுமதி உண்டு. அது ஆயர் இல்லத்திலிருந்து முத்திரை போட்டு வரும். இந்த இரண்டும் அப்படி வந்தவை அல்ல.

அன்று நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சாமியார் ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு சமையலறைக்கே வந்துவிட்டார். பிறந்த குழந்தையை ஏந்துகிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“இது என் ஊர் ரசம். மஞ்சள் ரசம் என்று அழைப்போம். ஜூரா என்பது என் ஊர்ப்பக்கம்.”

“சுறா மீனுங்களா சாமி?” என்றார் வாசலில் நின்ற என் கணவர்.

சாமியாருக்கு அது புரியவில்லை. அவர் வேறு எங்கோ இருந்தார். இங்கே தெரிகிற வத்தல்மலை மாதிரியே பச்சை மலைகள், ஆனால் குளிர்காலத்தில் பனி மூடிவிடும் என்றார். அங்கே ஒரு வகை வெள்ளைத் திராட்சை. மற்றவர்கள் எல்லாம் பறித்து முடித்த பிறகும் இதைக் கொடியிலேயே விட்டு வைப்பார்களாம். அவருடைய ஊருக்குப் பக்கத்தில் குன்றின் மேல் பழைய கன்னியர் மடம் ஒன்று இருந்ததாம். அந்தக் கொடியை எங்கோ கிழக்குத் தேசத்திலிருந்து அந்தக் கன்னியர்கள்தான் வரவழைத்து நட்டார்கள் என்று அவருடைய ஊரில் சொல்வார்களாம். “உண்மையா என்பது எனக்குத் தெரியாது. என் தந்தை சொன்னார்” என்றார்.

பிழிந்த சாற்றை மரப்பீப்பாயில் ஊற்றி மூடிவிட வேண்டும். மற்ற ரசங்களுக்குப் பீப்பாயில் அளவு குறையக் குறைய ஊற்றி நிரப்புவார்கள். இதற்கு நிரப்பக் கூடாது. வற்றுவது வற்றட்டும் என்று விட்டுவிட்டால், மேலே மெல்லிசாக ஒரு ஆடை படியும். அந்த ஆடைதான் உள்ளே இருப்பதைக் காப்பாற்றும். ஆறு வருடம் மூன்று மாதம் அதைத் தொடக்கூடாது. இவ்வளவையும் கேட்டுவிட்டு நான் சொன்னேன், “எங்க வூட்டுல பழைய சோத்துத் தண்ணி மேல அப்படி ஆடை கட்டுனா கீழ ஊத்திடுவோங்க சாமி.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு எதனோடு அதைக் குடிக்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார். மலையில் மேயும் மாட்டின் பாலைக் காய்ச்சி, சக்கரம் மாதிரி வார்த்து, மாதக்கணக்கில் முற்ற விட்ட பால்கட்டி. அக்ரூட் பருப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, காளானும் பாலேடும் போட்டுச் சமைத்த சேவல். அதைச் சமைக்கும்போது இதே ரசத்தில் கொஞ்சம் சட்டியிலும் ஊற்றுவார்களாம்.

“சேவல் இருக்குதுங்க. எருமைப் பாலேடு இருக்குது. காளானுக்கு மழை வரணும்” என்றேன்.

“காத்திருப்போம்” என்றார்.

புரட்டாசியில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது. வத்தல்மலைப் பெண்கள் கூடையில் புற்றுக்காளான் கொண்டுவந்தார்கள். சாமியார் காலையிலேயே ஒரு பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காலையிலேயே திறந்தால்தான் அதன் வாசனை விழித்துக்கொள்ளும் என்றார். அவர் சொன்ன மாதிரியே நான் சமைத்தேன். ஆனால் வெள்ளை வெளேரென்று இருந்ததைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை. அதனால் பக்கத்தில் எங்கள் முறையில் இன்னொரு குழம்பும் வைத்தேன். கொத்தமல்லியும் மஞ்சளும் தேங்காயும் அரைத்து, மிளகாயைக் குறைத்து.

அன்று அவர் எங்களை மேஜையில் உட்காரச் சொன்னார். சாமியாரோடு மேஜையில் உட்கார்ந்து எங்கள் ஊரில் யாரும் சாப்பிட்டதில்லை. என் கணவர் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார். சின்னக் கண்ணாடித் தம்ளர்களில் ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றினார். நல்லெண்ணெய் நிறம். முகர்ந்தபோது வறுத்த வேர்க்கடலையும் பழைய வெல்லமும் கலந்த மாதிரி வாசனை. வாயில் வைத்தால் இனிப்பே இல்லை. புளிப்பு, உப்பு, பிறகு கொட்டைப் பருப்பின் ருசி. விழுங்கி வெகுநேரம் ஆகியும் தொண்டையில் நின்றது. சாமியார் வெள்ளைக் கோழியைச் சாப்பிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு எங்கள் குழம்பைத் தொட்டு ஒரு வாய், ரசம் ஒரு வாய். நிமிர்ந்து பார்த்தார்.

“அம்மா, என் தாய் இதை அறிந்ததில்லை. இது அதைவிட நன்று.”

அந்த வார்த்தையை நான் நெடுநாள் வைத்திருந்தேன். இப்போது எழுதும்போதும் அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் பின்னால் நடந்ததைத் தாங்க முடியவில்லை.

அப்போது சாமியார் எங்கள் ஊரில் ஒரு ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டிருந்தார். அது முடிகிற அன்று இரண்டாவது பாட்டிலைத் திறப்போம் என்றார். “அன்றும் நாம் மூவர்” என்று விரலைக் காட்டினார். பங்குனி வந்ததும் பங்களா ஓடு கொதிக்க ஆரம்பித்தது. தன் ஊரில் தம்பி வீட்டில் இதற்கென்று பூமிக்கு அடியில் ஒரு அறை உண்டு, இங்கே எங்கே வைப்பது என்று தவித்தார். எங்கள் வீட்டு நடுவில் கேழ்வரகு கொட்டி வைக்கும் குழி இருந்தது. வீட்டை ஆசீர்வதித்து மந்திரிக்க வந்தபோது அதைப் பார்த்திருக்கிறார். அந்தக் குழிக்குள் வைக்கலாமா என்று அவர்தான் கேட்டார். என் கணவர் பாட்டிலை வைக்கோலில் சுற்றி உள்ளே இறக்கிக் கல்லைப் போட்டு மூடினார். சாமியார் பக்கத்தில் நின்று பார்த்தார்.

பக்கத்து ஓடைப்பக்கம் யாரோ சாராயம் காய்ச்சுவதாகத் தகவல் போய், வைகாசியில் ஒரு காலை போலீஸ் ரெய்டு வந்தது. சாராயப் பானைகளை மண்ணில் புதைப்பார்கள் என்பதால் வீடு வீடாக இரும்புக் கம்பியால் தரையைக் குத்திப் பார்த்தார்கள். எங்கள் குழிக்கல்லை நகர்த்தியதும் வைக்கோல் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் பாட்டிலைத் துடைத்து, ஒட்டியிருந்த காகிதத்தைப் படிக்கப் பார்த்தார். “இங்கிலீஷும் இல்ல. ஃபாரின் சரக்கு” என்றார்.

“சாமியோடதுங்க. பத்திரமா வெக்கச் சொன்னாருங்க” என்றார் என் கணவர். அவர் குரலில் பயமே இல்லை. பங்களா கூப்பிடு தூரம்தானே.

நடந்தே போனோம். தெருவே பின்னால் வந்தது. சாமியார் வராந்தாவில் ஜெபப் புத்தகத்தோடு நின்றிருந்தார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். மரியாதையான மனிதர்தான்.

“சாமி, இது உங்களுதுன்னு உங்க டிரைவர் சொல்றாரு. பூசைக்கு உள்ளதுன்னா ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நாங்க போயிடறோம்.”

சாமியார் பாட்டிலை வாங்கினார். காகிதத்தைப் பார்த்தார். அது அவருடைய தம்பி தோட்டத்துப் பாட்டில். அவர் பிறந்த ஊரின் பெயர் அதில் இருந்தது. என் கணவர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சாமியார் அவரைப் பார்க்கவில்லை. பாட்டிலை இன்ஸ்பெக்டரிடம் திருப்பிக் கொடுத்தார்.

“இது என்னுடையது அல்ல” என்றார்.

எழுத்துப் பிசகாத தமிழ்.

“சாமி!” என்றார் என் கணவர். சாமியார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என் கணவரின் கையை ஒரு போலீஸ்காரர் பிடித்தார். கூட்டத்தில் யாரோ, “சாமி வூட்டுலயே கை வெச்சிட்டானா?” என்றார்கள். அந்த நிமிடத்திலேயே முடிந்துவிட்டது. வெளிநாட்டுப் பாட்டில் பங்களாவைத் தவிர எங்கிருந்து வரும், திருடனைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல்தான் சாமி அப்படிச் சொல்கிறார் என்று ஊர் எடுத்துக்கொண்டது. சாராயக் கேஸ் என்றால் எங்கள் பக்கம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சாமியாரின் பொருளைத் திருடியவன் என்பது வேறு. திருட்டு என்ற வார்த்தையைச் சாமியார் சொல்லவில்லை. அவர் சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அன்று மதியம் நான் பங்களாவுக்குப் போனேன். அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

“நான் இந்த நாட்டில் இருப்பதற்கு அனுமதி புதுப்பிக்க வேண்டும். இப்பொழுதுதான் அதற்கு எழுதியிருக்கிறேன். சுங்கத்தில் காட்டாமல் வந்த பாட்டில். எப்படி வந்தது என்று கேட்பார்கள். கொண்டுவந்த சாமியாரையும் கேட்பார்கள். என்னை அனுப்பிவிட்டால் ஆஸ்பத்திரி பாதியில் நிற்கும். எத்தனை பேர், அம்மா! சிந்தித்துப் பார்.”

“நீங்க போனா இன்னொரு சாமி வருவாருங்க. எங்க வூட்டுக்காரருக்கு இன்னொரு பேரு வருங்களா?”

அவர் தட்டை நகர்த்தி வைத்தார். நல்ல வக்கீல் வைக்கிறேன், வெளியே கொண்டுவந்துவிடுகிறேன் என்றார். நான் அடுப்பங்கரைச் சாவியை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

வக்கீல் வந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார். பேச்சும் நன்றாக இருந்தது. சாமியார் பெயரை இழுத்தால் கேஸ் நீளும், உனக்குச் சாட்சி கிடையாது, என்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டால் எச்சரித்து விட்டுவிடுவார்கள் என்று என் கணவரிடம் சொன்னார். என் கணவர் இரண்டு நாள் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு என்னையும் குழந்தையையும் பார்த்துவிட்டு, கோர்ட்டில் நின்று, “என்னுதுதாங்க” என்றார். எச்சரிக்கவில்லை. மூன்று மாதம் கொடுத்தார்கள். சேலம் ஜெயிலுக்கு வேனில் ஏற்றியபோது அவர் வக்கீலைத் தேடினார். வக்கீல் அங்கே இல்லை.

திரும்பி வந்தபோது ஆள் பாதியாகியிருந்தார். அவருடைய சொந்த அண்ணனே, “சாமிகிட்டப் போயி கால்ல வுழுந்துடு, மன்னிச்சிடுவாரு” என்றார். எதற்கு மன்னிப்பு என்று என் கணவர் கேட்டதும் அண்ணன் பேச்சை நிறுத்திக்கொண்டார். நடந்ததை நாங்கள் சொல்லாமல் இல்லை. யாரும் நம்பவில்லை. சுவருக்கு மண் குழைத்த மனிதர் பொய் சொல்வாரா? நானே வேறொருவர் வீட்டில் இது நடந்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

கடத்தூருக்குக் குடி போனோம். சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் எனக்குச் சமையல் வேலை கிடைத்தது. அவருக்குப் புளி மண்டியில் லாரி ஓட்டும் வேலை. அங்கே யாரும் எங்களைத் தெரிந்தவர்கள் இல்லை. அவர் லோடு ஏற்றிக்கொண்டு போனால் நிம்மதியாக இருப்பார். வீட்டில் இருந்தால் பேச மாட்டார். முன்பு ஜீப் ஓட்டிக்கொண்டே பாடுகிற ஆள்.

எழுபத்தொன்றில் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள். அரூர்ப் பக்கம் போன லாரி அன்று சீக்கிரமே திரும்பிவிட்டது. உள்ளே வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“கடை தொறந்துட்டாங்க. போர்டு போட்டு விக்கறான். வரிசையில நிக்கறாங்க, போலீஸ்காரனே வரிசைய சரி பண்றான்” என்றார். சிரித்தார். அப்புறம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, “அப்ப என்னெ எதுக்கு புள்ள புடிச்சாங்க?” என்று என்னிடம் கேட்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அதற்கடுத்த வருடம் சாமியார் எங்களைத் தேடி வந்தார். ஆஸ்பத்திரி கட்டி முடித்து நாளாகியிருந்தது. அவருக்கு நெஞ்சு சரியில்லை, ஒரேயடியாகத் தாய்நாட்டுக்குப் போகிறார் என்று மெஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். எங்கள் வாசலில் குனிந்து நுழைந்தவரின் முடி முழுக்க நரைத்திருந்தது. கையில் பையில் சுற்றிய பாட்டில். அவர் தம்பி மறுபடி அனுப்பியது போலும், அதே சதுரத் தோள்.

“மன்னிப்புக் கேட்க வந்தேன்” என்றார். “இதை நாம் மூவரும்...”

“அதை எடுத்துட்டுப் போங்க சாமி. எங்க வூட்டுல வேண்டாங்க” என்றார் என் கணவர். குரல் உயரவில்லை. “எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்ங்க. நம்ம கோவில்ல, ஞாயித்துக்கெழம பூசையில, எல்லாரு முன்னாடியும் சொல்லிடுங்க. பாட்டில் உங்களுது. நான் திருடல. அது போதுங்க.”

சாமியார் பாட்டிலை மறுபடி பைக்குள் சுற்றினார். பிறகு, “சொல்கிறேன்” என்றார். என் கணவரின் தலையில் கையை வைத்தார். அவர் விலகவில்லை.

அந்த ஞாயிறு மகளோடு நாங்கள் மூவரும் பஸ்ஸில் வந்து இறங்கி நடந்தோம். அந்தக் கோவிலுக்குள் என் கணவர் நுழைந்து வருடங்கள் ஆகியிருந்தன. வெள்ளைச் சட்டையை நான் கஞ்சி போட்டுத் தேய்த்திருந்தேன். சாமியாரின் கடைசிப் பூசை என்பதால் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் முணுமுணுப்பு. நாங்கள் நடு வரிசையில் போய் நின்றோம்.

பிரசங்கத்தில் அவர் ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொன்னார், பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னார். பிறகு நின்றார். பீடத்தைப் பிடித்துக்கொண்டார். என் கணவர் என் கையைப் பற்றினார்.

“நான் பாவி. இந்த ஊரில் நான் சிலருக்குத் தீங்கு செய்தேன். பயத்தினால் செய்தேன். அவர்கள் யார் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் என்னை மன்னிப்பார்களாக.”

அவ்வளவுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு பூசையைத் தொடர்ந்தார். கோவில் முழுக்க விசும்பல். பெண்கள் முந்தானையை வாயில் வைத்து அழுதார்கள். இப்படித் தன்னைத் தாழ்த்திக்கொள்கிற மனிதர் உண்டா என்று. எங்களுக்கு முன்னால் நின்ற பழைய வாத்தியார் திரும்பி என் கணவரைப் பார்த்தார். அவர் கன்னம் ஈரமாக இருந்தது.

“பாத்தியாப்பா? நீ பண்ணதுக்கு இன்னி வரைக்கும் ஒரு வார்த்தை உன்னெ சொன்னதில்ல. அவரு போயி தன்னெ பாவிங்கறாரு.”

என் கையிலிருந்து கணவரின் கை நழுவியது. பூசை முடியும்வரை அவர் அசையாமல் நின்றார். பீடத்துக்குப் பக்கத்தில் சாமியார் உடுப்பு மாற்றுகிற சக்கிறீஸ்து அறைக்கு நான் போனேன். பூசை உடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்த சாமியாரைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். அவர்களை வெளியே போகச் சொன்னார்.

“பேரைச் சொல்லலீங்களே சாமி. பாட்டில்னுகூடச் சொல்லலீங்களே.”

“நான் நினைத்தேன்... கடைசி நேரத்தில் முடியவில்லை, அம்மா. ஆண்டவருக்குத் தெரியும்.”

“எங்க வூட்டுக்காரரைத் திருடன்னது ஆண்டவர் இல்லீங்க. இந்த ஊருங்க.”

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அடிக்க வேண்டும் போலவும் இருந்தது. வெளியே ஜனங்கள் மாலையோடு நின்றிருந்தார்கள். நான் அவர்களுக்கு நடுவே வந்தேன். அடுத்த வாரம் அவர் கப்பலேறிவிட்டார். இரண்டு வருடத்தில் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அவர் படத்தை மாட்டினார்கள். என் கணவருக்கு ஒருமுறை டைபாய்டு காய்ச்சல் வந்தபோது அங்கே போக மறுத்துவிட்டார். அரூர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் தரையில் படுத்துக்கிடந்தார்.

எழுபதுகளின் கடைசியில் மகளுக்கு வரன் பார்த்தோம். எங்கள் ஊர்ப் பக்கமிருந்து வந்த இரண்டு இடங்கள் விசாரித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டன. மூன்றாவதாகத் திருவண்ணாமலைச் சாலைப் பக்கத்தில் ஒரு குடும்பம். மாப்பிள்ளையின் அப்பா ரைஸ்மில் டிரைவர். இந்தத் தடவை என் கணவர் பொறுக்கவில்லை. காப்பி வருவதற்கு முன்னாலேயே, “ஒண்ணு சொல்லணுங்க. நான் ஜெயிலுக்குப் போயிருக்கேனுங்க” என்று ஆரம்பித்தார். ஆரம்பத்திலிருந்து முடிவு வரை சொன்னார். பீப்பாயைப் பற்றிக்கூடச் சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் முடித்ததும் மாப்பிள்ளையின் அப்பா மீசையைத் தடவினார்.

“பயந்துட்டாருங்க சாமியாரு” என்றார். “அவரு பயத்துக்கு நீங்க ஜெயிலுக்குப் போயிருக்கீங்க. சரிங்க, அத வுடுங்க. தை மாசத்துல வெச்சிக்கலாங்களா?”

என் கணவர் தலையாட்டினார். எனக்கு அழுகை வந்தது. அவர்கள் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்கள். சந்தோஷம்தான். ஆனால் முன்பின் தெரியாத ஒரு மனிதர் காப்பி ஆறுவதற்குள் நம்பிய ஒன்றை, எங்களோடு பிறந்து வளர்ந்தவர்கள் அத்தனை வருடம் நம்ப மறுத்தார்களே என்று நெஞ்சு எரிந்தது. அந்த எரிச்சல் இன்றைக்கும் எனக்கு அடங்கவில்லை.